ஆறாம் எண்ணின் பக்கத்து வீடு

என் அண்ணி என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அண்ணன் "சயின்டிஸ்ட்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவான். நான் "கிருமி வளர்க்கிறாங்க" என்பேன். அண்ணியையே கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார், அங்கேதான் ஆபத்து. பாக்டீரியா தன் உடம்புக்குள் வைட்டமின் கே எப்படிச் செய்துகொள்கிறது என்று ஆரம்பித்தால், கேட்டவர் கையிலிருக்கும் டீ ஆறி ஆடை கட்டிய பிறகுதான் முடியும்.

ரத்தத்தை உறைய வைக்கும் வைட்டமின் அது, கீரையில் நிறைய உண்டு என்பதால், கேட்டவர்கள் கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான். "நான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறேன். கீரை சாப்பிடலாமா, கூடாதா?" அண்ணியின் பதிலும் ஒன்றுதான். "அது உங்க டாக்டரைக் கேளுங்க. எனக்கு பாக்டீரியா சாப்பிடறதுதான் தெரியும்." இவ்வளவு படித்தும் ஒரு கீரைக்குப் பதில் இல்லையா என்று வந்தவர்கள் முகம் தொங்கிப் போகும்.

நான் அவருடைய நாத்தனார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். நாத்தனார் என்றால் அண்ணியிடம் குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. நானும் என்னால் முடிந்தவரை முயன்றேன். ஒரே வீட்டில் கீழே அவர்கள், மாடியில் நான். தினமும் காலையில் என் முதல் மாணவரை ஏற்றிக்கொள்ளும் முன் அண்ணியை அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் இறக்கிவிடுவேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் எல்லாரும் பயத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். அண்ணி மட்டும் வைட்டமின் கே பேசுவார். இத்தனை வருடம் கேட்டதில் எனக்கும் பாதி புரிந்துவிட்டது. அந்தப் பாதியைச் சொல்லிவிடுகிறேன். மீதிப் பாதி இல்லாமலே கதை ஓடும்.

ஒரு பாக்டீரியா வைட்டமின் கே செய்வதற்கு ஒன்பது படி ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் வேலை பார்க்க ஒரு நொதி. ஒவ்வொரு நொதியையும் எப்படிச் செய்வது என்று சொல்ல ஒரு மரபணு. ஒரு மரபணுவை வெட்டி எடுத்துவிட்டால் அந்தப் படியோடு வேலை நின்றுவிடும். முந்தைய படிகளில் செய்த சரக்கு மட்டும் தேங்கிக் கிடக்கும். காற்று இருக்கும்வரை அண்ணியின் பாக்டீரியாவுக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. மூச்சு விட அதனிடம் வேறு வழி இருக்கிறது. பார்த்துப் பார்த்துப் போட்ட ஒரு தீனியோடு காற்றில்லாத ஜாடிக்குள் அடைத்தால்தான் குட்டு வெளிப்படும். வைட்டமின் கே உள்ளது வளரும், இல்லாதது வளராது.

அண்ணியின் வாழ்க்கை என்பது இந்த மரபணுக்களை ஒவ்வொன்றாக வெட்டியதுதான். முதல் படி இல்லாத பாக்டீரியாவுக்கு ஒன்று என்று பெயர், இரண்டாவது படி இல்லாததற்கு இரண்டு. இப்படியே ஆறு வரை வெட்டினார். ஏழாவது மட்டும் கடைசிவரை அவர் கத்திக்கு அகப்படவில்லை. சரி போ என்று அதை விட்டுவிட்டு எட்டை வெட்டினார். ஒன்பதாவதைத் தொடவில்லை, காற்றில் மூச்சு விடவும் பாக்டீரியாவுக்கு அது வேண்டுமாம். என் மகள் என்று அவர் தன் மகளைப் பற்றிப் பேசியதைவிட "என் அஞ்சு", "என் எட்டு" என்று பேசியது அதிகம். வெளியூரில் படிக்கும் அந்த மகளே போனில், "அம்மா, உன் மத்த பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்பாள்.

இவ்வளவும் செய்தது நிரந்தர வேலையில் இல்லை. வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில். வருட முடிவில் ஒரு மாதம் வீட்டில் யாரும் அண்ணியிடம் சத்தமாகப் பேச மாட்டோம். புதுப்பித்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்று அண்ணன் பழம் வாங்கி வருவான்.

ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவரை அண்ணி வீட்டில் 'சிக்கனம்' என்றே சொல்வார். உள்ளங்கை அளவு வட்டத் தட்டில் பாக்டீரியாவுக்குத் தீனி ஊற்றி உறைய வைப்பார்கள் அல்லவா, அந்தத் தட்டுகளை அவர் அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருந்தார். ஒரு தட்டில் ஒரு பாக்டீரியா வளர்ப்பது அவரைப் பொறுத்தவரை ஊதாரித்தனம். ஒரு தட்டுக்கு எட்டு, இதுதான் சட்டம். தட்டின் அடியில் மார்க்கர் பேனாவால் எட்டுப் பங்காகக் கோடு போட வேண்டும். முதல் பங்கில் குறையில்லாத நல்ல பாக்டீரியா, அடுத்து ஒன்று முதல் ஆறு வரை, கடைசியில் எட்டு. ஏழு இல்லாததால் ஆறுக்குப் பக்கத்து வீடு எட்டு. எட்டுக்கு அந்தப்பக்கம் மறுபடி நல்லது. கணக்கு அழகாகப் பொருந்தியதில் சிக்கனத்துக்குப் பரம திருப்தி.

ஒருநாள் மாலை காரில் ஏறிய அண்ணி வழியெல்லாம் பேசவில்லை. நான் பயந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஆறு வளர்ந்திருக்குங்க."

"ரொம்ப நல்லது," என்றான் அண்ணன்.

"நல்லதா? அது வளரவே கூடாதுங்க!"

"ஐயையோ. அப்போ கெட்டதா?"

"இல்லங்க, ரொம்ப ரொம்ப நல்லது!"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன். பிறகு அண்ணி நிதானமாக விளக்கினார். ஆறாவது மரபணுவை வேரோடு எடுத்தாகிவிட்டது. ஆனாலும் ஜாடிக்குள் அது வளர்கிறது என்றால், வைட்டமின் கே செய்கிறது என்று அர்த்தம். அப்படியானால் ஆறாவது படியில் வேலை பார்க்க இதுவரை யாருக்கும் தெரியாத இன்னொரு மரபணு அதற்குள் ஒளிந்திருக்க வேண்டும். புது மரபணு, புது நொதி. கண்டுபிடித்தவரே பெயர் வைக்கலாம்.

அதன் பிறகு பல தடவை திரும்பச் செய்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஆறு வளர்ந்தது. தனியாக ஒரு தட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டபோது சிக்கனம் கையை விரித்துவிட்டார். "நல்லதும் கெட்டதும் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தானேம்மா ஒப்பிட முடியும்?" என்றாராம். அதில் நியாயமும் இருந்ததால் அண்ணி சாவியைக் கேட்கவில்லை.

அந்த வருடம்தான் நிரந்தர வேலை ஒன்றுக்கு அறிவிப்பு வந்தது. ஒரே இடம். வயது வரம்பின்படி அண்ணிக்கு அதுவே கடைசி வாய்ப்பு. கிடைக்காவிட்டால் ஒப்பந்தமும் இனிப் புதுப்பிக்கப்படாது என்று சிக்கனம் தெளிவாகச் சொல்லிவிட்டார். விண்ணப்பித்தவர்களில் மிஞ்சியது இருவர். ஒருவர் அண்ணி. மற்றவர் பாக்டீரியாவைத் தொட்டுத் தட்டில் தடவும் கம்பி வளையத்தைப் பிடிக்க அண்ணியிடம் கற்றுக்கொண்டு, அண்ணியின் பாக்டீரியாக்களை வைத்தே பட்டம் வாங்கிய ஓர் இளைஞர். அவருக்கு அண்ணி வைத்த பெயர் 'அவசரம்'. ஜாடியை மூடிய மறுநாளே திறந்து பார்க்கத் துடிப்பாராம். அவருக்கும் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. ஐந்தும் ஜாடிக்குள் லேசாக வளர்கிறது, ஆகவே ஐந்தாவது படிக்கும் அரைகுறையாக வேலை பார்க்கும் ஒரு மாற்று நொதி இருக்கிறது என்பது அது. முழுதாக வளரும் ஆறு எங்கே, பாதி வளரும் ஐந்து எங்கே? எங்கள் வீட்டில் வேலை கிடைத்துவிட்டது போலவே பேச ஆரம்பித்தோம்.

தேர்வுக் குழுவின் முன்னால் படம் காட்டிப் பேச வேண்டும். அதற்கு முந்தைய வாரம் அண்ணி தன் தட்டின் படங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

"என்ன அண்ணி இது, கல்யாண போட்டோவுல பந்தி மொத்தமும் தெரியற மாதிரி? ஆறு மட்டும் தெரியற மாதிரி வெட்டிப் போடுங்க."

"வெட்டினா அது பொய்யாயிடும்."

"சரி, அப்போ ஆறை மட்டும் தனியா உக்கார வச்சு ஒரு போட்டோ எடுங்க. பார்க்க லட்சணமா இருக்கும்."

அண்ணிக்கு அந்த யோசனை பிடித்துப் போனது. படத்துக்காக என்றதும் சிக்கனமும் மனமிரங்கி ஒரு தட்டுக்குச் சாவியைத் திருப்பினார். அலுவலகச் சுவரில் மாட்ட ஒரு பிரதி தனக்கும் வேண்டும் என்றார். அண்ணி கம்பி வளையத்தால் ஆறை மட்டும் அழகாகக் கோடிழுத்து ஜாடிக்குள் வைத்து மூடினார்.

ஜாடியைத் திறந்தபோது தட்டு கழுவி வைத்தது போல் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து பழைய படங்களை மறுபடி பரப்பினார். அப்போதுதான் காட்டினார், எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது. எல்லாப் படத்திலும் ஆறு ஒரே சீராக வளரவில்லை. எட்டை ஒட்டிய ஓரத்தில் தடிமனாக, தள்ளிப் போகப் போக மெலிந்து இருந்தது. இத்தனை நாளும் தன் கை ஒருபக்கம் அழுத்தி இழுத்துவிட்டது என்றே அண்ணி நினைத்திருந்தார்.

"எட்டு என்ன பண்ணுது தெரியுமா?" என்றார். "ஏழாவது படி வரைக்கும் எல்லா வேலையும் செய்யுது. எட்டாவது படி இல்லாததால செஞ்ச சரக்கை அதால பயன்படுத்த முடியாது. தேங்கி வெளியில கசியுது. பக்கத்துல இருக்கற ஆறு அதை எடுத்துக்குது. ஆறுக்குத்தான் எட்டாவது படி நல்லா இருக்கே, மிச்சத்தை முடிச்சுக்கிட்டு கொழுகொழுன்னு வளருது. புது மரபணுவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"எட்டு?"

"அது வளரல. ஜாடிக்குள்ள அதால வளர முடியாது. வளராத ஒண்ணை யாரு பார்க்கறா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மீது என்று தெரியாததால் அந்தச் சிக்கனத்தின் சாவிக்கொத்தைத் திட்டித் தீர்த்தேன். அண்ணி தடுக்கவில்லை. "இதுல பெரிய கூத்து என்னன்னா," என்றார், "இந்தப் படிகளோட வரிசையையே அந்தக் காலத்துல இப்படித்தான் கண்டுபிடிச்சாங்க. ஒண்ணு பக்கத்துல ஒண்ணு வச்சு, யார் யாருக்குத் தீனி போடறாங்கன்னு பார்த்து. நானே வருஷா வருஷம் பசங்களுக்குப் பாடம் எடுத்திருக்கேன்."

அண்ணன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். எதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் தெளிவாகத் தெரியும் என்பது அவன் கொள்கை. "இங்க பாரும்மா. பழைய படம் பொய்யா? இல்ல. அது வளர்ந்தது நிஜந்தானே? அதைக் காட்டு. தனியா வச்சியான்னு அவங்க கேக்கப் போறதில்ல. வேலை கைக்கு வந்ததும் மெதுவா திருத்திக்கோ."

"யாராவது கேட்டா?"

"கேட்டா அப்போ பார்த்துக்கலாம்."

அண்ணி படங்களை அடுக்கிக் கட்டினார். "நான் வேற எதுக்கும் லாயக்கில்லீங்க. ஒரு விஷயம் வளர்ந்துதா இல்லையான்னு பார்த்துச் சொல்லத்தான் இத்தனை வருஷம் எனக்குச் சம்பளம். அதையும் மாத்திச் சொன்னா அப்புறம் நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். எனக்கு அழுகை வந்தது. அண்ணன் அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பேச்சு எல்லாரும் கேட்கலாம் என்பதால் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அண்ணி மேடையேறி, தன்னிடம் புது மரபணு எதுவும் இல்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னார். பிறகு எப்படி ஏமாந்தேன் என்று படம் படமாகக் காட்டினார். எட்டில் கசிவதை ஆறு எடுத்துக்கொள்வதைச் சொன்னார். முன்வரிசையில் சிக்கனம் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். புது மரபணுவைப் பற்றி அவர் ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்.

தேர்வுக் குழுத் தலைவி எழுந்து, தன் அனுபவத்தில் இப்படியொரு நேர்மையைக் கண்டதில்லை என்றார். நேர்மையைப் பற்றியே வெகுநேரம் பேசினார். விஞ்ஞானத்தின் முதுகெலும்பே நேர்மைதான் என்றபோது எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. நம்மை இவ்வளவு புகழ்கிறார்கள் என்றால் கொடுக்க வேறொன்றும் வைத்திருக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்து அவசரம் பேசினார். நல்ல சட்டை, நல்ல படங்கள். ஐந்து லேசாக வளர்ந்திருப்பதைப் பெரிதாக்கிக் காட்டினார். அந்தப் படத்தைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே வட்டத் தட்டு, அதே எட்டுப் பங்கு. ஐந்துக்கு அடுத்து ஆறு, ஆறுக்கு அடுத்து எட்டு. கசிந்தது ஆறைத் தாண்டி ஐந்து வரைக்கும் கொஞ்சம் எட்டியிருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் எனக்கே அது புரியும்படி அண்ணி சற்று முன்தான் சொல்லி இறங்கியிருந்தார். குழுவில் நேர்மையைக் கொண்டாடியவர்கள் ஒருவருக்கும் புரியவில்லை. வேலை அவசரத்துக்குப் போனது.

அண்ணி காரில் ஏறி உட்கார்ந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. ஜன்னலோரம் வந்து நின்றது அவசரமே.

"அக்கா, மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

"அது கிடக்கட்டும் தம்பி. உன் அஞ்சைத் தனியா வளர்த்துப் பார்த்தியா?" என்றார் அண்ணி.

அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பார்க்கலாம்கா. முதல்ல ஆர்டர் கைக்கு வரட்டும்," என்றார்.

வண்டியை அவர் காலில் ஏற்றிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மாணவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் முதல் பாடத்துக்கு அது விரோதம் என்பதால் விட்டேன்.

ஒப்பந்தம் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. அண்ணி லீவு போடாமல் போய்வந்தார். எண்களை எல்லாம் குளிர்பெட்டியில் அடுக்கி, எது எங்கே என்று எழுதி ஒட்டினார். தன் சொந்தக் காசில் ஒரு கட்டுத் தட்டும் வாங்கிப் போனார். அதற்குச் சிக்கனம் தடை சொல்லவில்லை.

கடைசி நாளன்று சின்னதாக ஒரு வழியனுப்பு வைத்தார்கள். அழைத்துவரப் போன என்னையும் உள்ளே உட்கார வைத்தார்கள். கேக் வெட்டியதும் அண்ணி ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு சின்னப் பொருள் கொடுத்தார். அவசரத்துக்குக் கொடுத்தது, பளபளக்கும் தாளில் சுற்றி ரிப்பன் கட்டிய வட்டப் பொட்டலம். எல்லாரும் பிரி பிரி என்றதால் அங்கேயே பிரித்தார். உள்ளே ஒரு தட்டு. அடியில் அண்ணியின் கையெழுத்தில் ஐந்து என்ற எண்ணும், ஜாடிக்குள் வைத்த தேதியும் எடுத்த தேதியும். தட்டில் ஒன்றுமே வளரவில்லை.

"வெறும் தட்டைக் கொடுத்திருக்காங்கப்பா!" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. சிக்கனம் கண்ணில் நீர் வரச் சிரித்து, "இந்தம்மாவுக்கு இவ்வளவு தமாஷ் வரும்னு தெரியாமப் போச்சே," என்றார். அவசரம் மட்டும் சிரிக்கவில்லை. தட்டைக் கவிழ்த்து எண்ணைப் பார்த்தார், நிமிர்த்தி வெறுமையைப் பார்த்தார். மறுபடி தாளில் சுற்றப் பார்த்தார், தாள் கிழிந்துவிட்டிருந்தது.

திரும்பி வரும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"அங்கேயே எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சிருக்கலாமே அண்ணி! வேலை உங்களுக்கே வந்திருக்குமே!"

"எனக்கு எதுக்கு வரப்போகுது? என் வயசு போனது போனதுதான். திரும்ப விளம்பரம் போடுவாங்க, வேற யாராவது வருவாங்க."

"அப்போ அந்தாளை அப்படியே விட்டுடறதா?"

"எனக்கு வெறும் தட்டு வந்தப்போ யாருக்கும் தெரியாது. யாரும் கேக்கறதுக்கு முன்னாடி நானா போய்ச் சொல்ல எனக்கு நேரம் கிடைச்சுது. அதே நேரம் அவனுக்கும் கிடைக்கட்டும். இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அவனா சொல்லிட்டான்னா அவன் நல்ல விஞ்ஞானி. சொல்லலைன்னா நான் சொல்றேன். அதே மாதிரி இன்னொரு தட்டு வீட்டு ஃப்ரிட்ஜுல இருக்கு, நீ பாட்டுக்கு எடுத்துக் கழுவி வச்சிடாதே."

எனக்கு அவ்வளவு பெருந்தன்மை கிடையாது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக நாட்காட்டியில் மாதக் கடைசியைச் சுற்றி வட்டம் போட்டேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அண்ணியின் போன் அடித்தது. சமையலறையில் கையெல்லாம் மாவாக இருந்ததால், ஸ்பீக்கரில் போடச் சொன்னார். அவசரத்தின் குரல். "அக்கா, இன்னிக்கு தேர்வுக் குழுகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அஞ்சும் பொய்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?" என்றார் அண்ணி.

"என் நேர்மையை ரொம்பப் பாராட்டினாங்கக்கா," என்றார்.

அண்ணி மாவுக் கையோடு சுவரில் சாய்ந்துகொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றதும், "கிளம்பி வா," என்றார். நான் இன்னொரு தட்டு எடுத்து வைத்தேன்.